சக்கரமும் கவசமும் – 17: முன்பாதி ஒன்று, பின்பாதி பல

போன இதழில் கதையைப் பிரிஸ்டினா விமான தளத்தில் விட்டிருந்தோம். 1999 ஜூன் 12 விடிவதற்கு முன்பே, பாஸ்னியாவிலிருந்து செர்பியா வழியாக ஒரே மூச்சில் ஓடிவந்த சுமார் 200 ரஷ்ய வீரர்கள், நேட்டோ படை கொசோவோ எல்லைக்குள் கால் வைப்பதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களைச் சுமந்து வந்தவை பி.டி.ஆர். வகை எட்டுச் சக்கர வண்டிகள். சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டிகளாக இருந்திருந்தால் அவ்வளவு தூரத்துக்கு ரயிலையோ இழுவை லாரியையோ தேடியிருப்பார்கள். டயர் இருந்ததால் தார்ச்சாலையே போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் வேறோர் எட்டுச் சக்கர வண்டிக்கு மாதிரிகள் செய்ய ஒப்பந்தம் போடப்பட்டது. ஜெர்மனிக்கு நான்கு, பிரிட்டனுக்கு நான்கு. பாக்ஸர் என்று பிறகு பெயர் பெற்ற அந்த வண்டிதான் இந்த இதழின் நாயகன். ஆனால் அதன் கதையை 1999-இல் தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். ஆறு ஆண்டு பின்னால் போக வேண்டும். அங்கே ஒரு கூட்டுக் குடும்பம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது.

*

1993. பெர்லின் சுவர் விழுந்து நான்கு ஆண்டுகள். சோவியத் டாங்கிகள் ஜெர்மானியச் சமவெளியில் பாய்ந்து வரும் என்று நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்த படைகளுக்கு அந்த எதிரி இல்லாமல் போயிருந்தான். மறுபக்கம் யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்தது. அமைதிப் படையாகப் போனவர்கள் கண்ணிவெடி புதைந்த மலைச்சாலைகளில் ஓடினார்கள். ஜெர்மனியிடம் இருந்தவை 1960-களின் அமெரிக்க வடிவமான எம்113 என்ற அலுமினியப் பெட்டியும், 1979 முதல் ஓடிய ஃபுக்ஸ் என்ற ஆறு சக்கர வண்டியும். இரண்டும் வயதானவை. பிரான்சுக்கும் அதே நிலை. இருவரும் சேர்ந்து ஒரே வண்டி செய்தால் செலவு குறையும் என்று பேச்சைத் தொடங்கினார்கள். 1996-இல் பிரிட்டனும் சேர்ந்தது.

பெயரிலேயே ஒற்றுமை வரவில்லை. ஜெர்மானியர் அதை ஜி.டி.கே. என்றார்கள், பிரிட்டிஷார் எம்.ஆர்.ஏ.வி. என்றார்கள், பின்னால் வந்த நெதர்லாந்துக்காரர்கள் பி.டபிள்யூ.வி. என்றார்கள். ஒவ்வொன்றும் அவரவர் மொழியில் கவச வண்டி என்பதன் சுருக்கம். பெயர் போகட்டும். வண்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பிரான்ஸ் பிறகு தனக்கென்று செய்துகொண்ட வி.பி.சி.ஐ. வண்டியைப் பார்த்தால் அதன் மனம் தெரியும்: தலையில் 25 மி.மீ. பீரங்கிக் கோபுரம், காலாட்படையோடு சேர்ந்து சண்டை போடும் வண்டி. ஜெர்மனி முதலில் வாங்கியதைப் பார்த்தால் வேறு மனம்: ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி, ஆம்புலன்ஸ், கட்டளை வண்டி. நெதர்லாந்து கேட்டதில் துப்பாக்கி வீரர்களை ஏற்றும் வண்டியே இல்லை. அந்த வேலைக்கு அவர்களுக்கு வேறு வண்டி இருந்தது.

1999-இல் பிரான்ஸ் தனிக்குடித்தனம் போய்விட்டது. 2001 பிப்ரவரியில் நெதர்லாந்து உள்ளே வந்தது. மாதிரிகளின் எண்ணிக்கை 12 ஆனது.

*

ஒரு வண்டியை இத்தனை பேருக்கும் பொருந்தும்படி எப்படிச் செய்வது? பொறியாளர்கள் கண்ட வழி, மாட்டுவண்டி வைத்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே புரியும். முதல் நாள் நெல் மூட்டை ஏற்றிய அதே பார வண்டியில் மறுநாள் வில் வளைத்துக் கூண்டு கட்டி, வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். அச்சும் சக்கரமும் நுகத்தடியும் அப்படியே இருக்கும். மேலே ஏறுவது மட்டும் மாறும்.

பாக்ஸர் அந்தக் கூண்டு வண்டிதான், எஃகில். முன்பாதியையும் அடிச்சட்டத்தையும் சேர்த்து ஓட்டுப் பகுதி என்று சொல்லலாம். எட்டுச் சக்கரம், முன் இடப்பக்கம் எஞ்சின், அதற்கு வலப்பக்கம் ஓட்டுநர். எம்.டி.யு. நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 530 கிலோவாட், அதாவது சுமார் 710 குதிரைத்திறன். சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். முன்னிரண்டு அச்சுகளும் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரில் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் ஓட்டுநரால் முடியும். சேற்றில் குறைப்பார், தார்ச்சாலையில் ஏற்றுவார். இதற்கு மேலே, பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தனிக் கவசக் கூடு உட்காருகிறது. நான்கு இடங்களில் பிணைப்பு. கிரேன் ஒன்று இருந்தால் வெளிக்களத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் கூட்டைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துவிடலாம். ஆம்புலன்ஸ் கூடு, கட்டளை அறைக் கூடு, சரக்குக் கூடு, பீரங்கிக் கூடு என்று பின்பாதி மாறும். முன்பாதி மாறாது.

கவசமும் அடுக்கடுக்காகப் பூட்டுவதுதான். எஃகு உடல்மேல் பீங்கான் கலந்த தகடுகளைத் திருகாணியால் பொருத்துகிறார்கள். அடிபட்ட தகட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டலாம்; நாளை இதைவிட நல்ல தகடு வந்தால் அதையும் பூட்டலாம்.

என்னை அதிகம் ஈர்த்தது இருக்கைதான். கண்ணிவெடி அடியில் வெடிக்கும்போது ஆளைக் கொல்வது எப்போதும் துளைத்து வரும் தகட்டுத் துண்டு அல்ல. தளம் ஒரு கணத்தில் மேல்நோக்கி உதைக்கிறது; அதன்மேல் ஊன்றிய கால் எலும்பும் நிமிர்ந்து உட்கார்ந்த முதுகெலும்பும் நொறுங்குகின்றன. வெளியில் வண்டி முழுசாக நிற்கும், உள்ளே இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். அதனால் பாக்ஸரில் இருக்கைகளைத் தளத்தில் பொருத்தவில்லை. தூளியைப் போலத் தொங்க விட்டிருக்கிறார்கள். தளம் உதைத்தாலும் அந்த உதை உடம்புக்கு நேராக வந்து சேராது. பாஸ்னிய மலைச்சாலைகளில் கற்ற பாடம் அந்த இருக்கைக்குள் இருக்கிறது.

இவ்வளவுக்கும் விலை எடை. வெறும் வண்டியே 25 டன்னுக்கு மேல். கூடும் கவசமும் ஆட்களும் குண்டுகளும் ஏறினால் 36, 38 டன் வரை போகும். நம் தெருவில் மணல் ஏற்றி வரும் டிப்பர் லாரியைவிடக் கனமான ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டரில் வருவதை நினைத்துப் பாருங்கள். இந்த எடைதான் குடும்பத்தை மறுபடியும் உடைத்தது.

*

2002 டிசம்பர் 12 அன்று மியூனிக்கில் முதல் மாதிரியைத் திரை விலக்கிக் காட்டினார்கள். பாக்ஸர் என்ற பெயரும் அன்றுதான் வெளியானது. ஃபுக்ஸ் என்றால் நரி, மார்டர் என்றால் மரநாய், வீசெல் என்றால் கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு. லெபர்ட் நமக்கே தெரியும். விலங்குப் பெயர் வைக்கும் அந்த ஜெர்மானிய வழக்கத்தில் இதற்கு நாய் இனம் ஒன்றின் பெயர் கிடைத்தது.

ஏழே மாதத்தில், 2003 ஜூலையில், பிரிட்டன் விலகப்போவதாக அறிவித்தது.

காரணத்தை அன்றைய மனநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகின் எந்த மூலைக்கும் சில நாட்களில் விமானத்தில் பறந்து போய் இறங்கும் இலகுவான படை வேண்டும் என்ற எண்ணம் வாஷிங்டனிலும் லண்டனிலும் ஓங்கியிருந்தது. ஒரு சி-130 ஹெர்குலிஸ் விமானத்தில் ஏறுமளவு, அதாவது இருபது டன்னுக்குக் கீழே, ஒரு கவச வண்டிக் குடும்பத்தைப் புதிதாக உருவாக்கலாம் என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் நம்பியது. எஃப்.ஆர்.இ.எஸ். என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். அதன் முன்னால் பாக்ஸர் கனத்த மனிதனாகத் தெரிந்தது.

தேதியைக் கவனியுங்கள். 2003 மார்ச்சில் பிரிட்டிஷ் படை இராக்குக்குள் நுழைந்தது. விலகல் அறிவிப்பு அதற்கு நான்கு மாதம் கழித்து. பஸ்ரா தெருக்களில் பிரிட்டிஷ் வீரர்கள் ரோந்து போனது ஸ்நாட்ச் என்ற லேண்ட்ரோவர் வண்டியில். அது வட அயர்லாந்தின் கலவரத் தெருக்களுக்காக வாங்கப்பட்டது. கல்லும் பெட்ரோல் குண்டும் தடுக்கும், சிறு துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கும். சாலையோரத்தில் புதைத்த குண்டுக்கு அது காகிதம். வீரர்களே அதை நகரும் சவப்பெட்டி என்று அழைத்தார்கள். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வண்டிகளில் 30-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள்.

அவர்களுடைய பெற்றோர் சும்மா இருக்கவில்லை. போரில் சாவது வீரனின் விதி என்ற சமாதானத்தை அவர்கள் ஏற்கவில்லை. நல்ல வண்டி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானே என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் மேல் வழக்குத் தொடர அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. ஸ்நாட்சுக்கு மாற்று தேடுவதில் நேர்ந்த தாமதத்தை இராக் போரை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த சில்காட் விசாரணை அறிக்கை கண்டித்தது. 2017-இல் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலன், மகனை இழந்த தாய் ஒருவருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். மகன் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டன் குடும்பத்திலேயே இருந்திருந்தாலும் பஸ்ராவுக்குப் பாக்ஸர் சரியான நேரத்தில் வந்திருக்காது. ஜெர்மனிக்கே முதல் வண்டி 2009-இல்தான் கிடைத்தது. உடனடித் தேவைக்காக 2006-இலிருந்து மாஸ்டிஃப் என்ற கனமான அமெரிக்க வடிவ வண்டியைப் பிரிட்டன் வாங்கியது; அது பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனாலும் இலகு என்ற ஒரு சொல்லின்மேல் ஒரு நாட்டின் அமைச்சகம் அவ்வளவு நம்பிக்கை வைத்தபோது, அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்து போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்கும் உறைக்கவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இந்தப் பக்கங்களை எழுதும்போதெல்லாம் வருகிறது.

எஃப்.ஆர்.இ.எஸ். என்ற அந்தப் புதிய திட்டமும் கரையேறவில்லை. எடை வரம்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறியது. சி-130 கனவு கலைந்தது. 2008-இல் பிரான்ஹா என்ற எட்டுச் சக்கர வண்டியைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார்கள், அதே ஆண்டு முடிவதற்குள் அதையும் கைவிட்டார்கள்.

*

குடும்பத்தில் மிஞ்சியது ஜெர்மனியும் நெதர்லாந்தும். 2006 டிசம்பரில் ஜெர்மனி 272 வண்டிகளுக்கும் நெதர்லாந்து 200 வண்டிகளுக்கும் ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியின் கணக்கு இது: வீரர்களை ஏற்றுவதற்கு 125, ஆம்புலன்ஸ் 72, கட்டளை வண்டி 65, ஓட்டுநர் பயிற்சிக்கு 10. 272-இல் 72 ஆம்புலன்ஸ் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

2011 ஆகஸ்டில் முதல் பாக்ஸர்கள் ஆப்கானிஸ்தானின் வடக்கே போய் இறங்கின. 1993-இல் பேச்சு தொடங்கிய வண்டி களத்துக்கு வர 18 ஆண்டுகள்.

களத்துக்கு வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. கூட்டை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம் என்றார்களே, காலையில் ஆம்புலன்ஸ், மாலையில் சரக்கு வண்டி என்று எந்தப் படை மாற்றி ஓட்டுகிறது? கழற்றிய கூட்டுக்குக் கால் கிடையாது. அது தரையில் கிடக்கும். வண்டிகளைவிட நிறையக் கூடுகளை வாங்கி வைத்தால்தான் மாற்றுவதற்கு அர்த்தம். வாங்கிய நாடுகளோ ஏறக்குறைய வண்டிக்கு ஒரு கூடு என்ற கணக்கில்தான் வாங்கின. விளம்பரப் படங்களில் கிரேன் தூக்கும் காட்சி அழகாக இருக்கிறது. அன்றாடப் படை வாழ்க்கையில் அது அரிது.

அதனால் பிரியும் உடல் என்பது வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் பயன் வேறோர் இடத்தில் கிடைத்தது. புதிதாக ஒரு பீரங்கிக் கோபுரம் வேண்டுமென்றால் எஞ்சினையும் அச்சையும் பிரேக்கையும் யாரும் தொட வேண்டியதில்லை; பின்கூட்டை மட்டும் புதிதாக வரைந்தால் போதும். அந்தக் கூட்டை வேறொரு நாட்டில், வேறொரு தொழிற்சாலையில் செய்யலாம். எஞ்சின் உதிரி பாகமும் மெக்கானிக்கின் பயிற்சியும் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. முன்பாதியை ஜெர்மானியர் மேம்படுத்தினால் பின்பாதி பழையதாகவே தொடரலாம். முன்பாதிக்கு ஏ வரிசையிலும் பின்பாதிக்குப் பி வரிசையிலும் தனித்தனியாகப் பதிப்பு எண் கொடுத்து வைத்திருப்பதே இதற்குத்தான். ஒரே சமையலறையில் நாலு மருமகள்களின் கைப்பக்குவத்துக்கும் இடம் வைத்த வீடு அது. அதனால்தான் பிறகு வந்தவர்கள் சண்டையில்லாமல் உள்ளே நுழைய முடிந்தது.

*

முதலில் வந்தது லிதுவேனியா. மக்கள்தொகை முப்பது லட்சத்தைத் தொடாத நாடு. 1990-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலையை அறிவித்தது, 2004-இல் நேட்டோவில் சேர்ந்தது. பிறகு சற்று அசந்துவிட்டது. ராணுவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. 2014-இல் ரஷ்யா கிரீமியாவை எடுத்துக்கொண்ட செய்தி வில்னியஸில் இடிபோல இறங்கியது. ஒரு பக்கம் பெலாரஸ், மறு பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட். இரண்டுக்கும் நடுவே போலந்தோடு சேர்க்கும் சுவால்கி என்ற ஒடுக்கமான நிலத்துண்டு. மறு ஆண்டே கட்டாய ராணுவச் சேவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016 ஆகஸ்டில் 88 பாக்ஸர்களுக்கு 38.56 கோடி யூரோ ஒப்பந்தம் போட்டார்கள். அந்த நாட்டின் ராணுவம் அதுவரை செய்த மிகப் பெரிய கொள்முதல் அது.

அவர்களுடைய பின்கூடு எப்படி அமைந்தது என்று பாருங்கள். இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனத்துக் கோபுரம், அதில் அமெரிக்காவின் 30 மி.மீ. புஷ்மாஸ்டர் பீரங்கி, பக்கத்தில் டாங்கியைத் துளைக்கும் இஸ்ரேலிய ஸ்பைக் ஏவுகணை. கீழே ஜெர்மானிய முன்பாதி. ஆட்களைப் பத்திரமாகச் சேர்க்கப் பிறந்த வண்டி இங்கே சண்டை வண்டியானது.

பெயர் மட்டும் சொந்தப் பெயர்: வில்காஸ், ஓநாய். அதன் பின்னால் பதினான்காம் நூற்றாண்டுக் கதை ஒன்று உண்டு. கெடிமினாஸ் என்ற மன்னன் வேட்டையாடிக் களைத்து மலையடியில் உறங்கினான். கனவில் மலைமேல் ஓர் இரும்பு ஓநாய் நின்று நூறு ஓநாய்கள் சேர்ந்து ஊளையிடுவதுபோல் ஊளையிட்டது. இங்கே ஒரு நகரம் கட்டு, அதன் புகழ் இப்படி எட்டுத்திக்கும் கேட்கும் என்று பூசாரி லிஸ்தெய்கா பலன் சொன்னான். அப்படி எழுந்ததாம் வில்னியஸ். லிதுவேனியாவின் முதன்மைப் படைப்பிரிவின் பெயரே இரும்பு ஓநாய்தான். 2019-இல் முதல் வில்காஸ்கள் வந்து சேர்ந்தபோது, கனவில் வந்த விலங்கு அறுநூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து எட்டுச் சக்கரத்தில் வந்து நின்றது.

*

ஆஸ்திரேலியாவின் கதை வேறு மாதிரி. அங்கே எதிரியைவிடத் தூரம் பெரிது. கிழக்குத் திமோர், இராக், ஆப்கானிஸ்தான் என்று ஓடிக் களைத்த அஸ்லாவ் வண்டிகளுக்கு மாற்று தேடினார்கள். அஸ்லாவ் பிரான்ஹா குடும்பத்து எட்டுச் சக்கர வண்டி. இறுதிச் சுற்றில் இரண்டு வண்டிகள் நின்றன: பாக்ஸரும், பின்லாந்தின் பாட்ரியா உடலின்மேல் எழுந்த ஏ.எம்.வி.35-ம். ஓராண்டு இரண்டையும் சுட்டும் ஓட்டியும் வெடி வைத்தும் பார்த்தார்கள். எந்த மாநிலத்தில் தொழிற்சாலை வரும் என்பதில் குயின்ஸ்லாந்தும் விக்டோரியாவும் போட்டி போட்டன. 2018 மார்ச்சில் பிரதமர் மால்கம் டர்ன்புல் பாக்ஸர் வென்றதாக அறிவித்தார். 211 வண்டிகள். முதல் 25 ஜெர்மனியில், மற்றவை குயின்ஸ்லாந்தில் பிரிஸ்பேனுக்கு அருகே ரெட்பேங்கில் புதிதாக எழுந்த ஆலையில். அவற்றில் பெரும்பகுதி, 133 வண்டிகள், முன்னே போய் வேவு பார்க்கும் வகை, 30 மி.மீ. பீரங்கியோடு.

2024 மார்ச்சில் கதை தலைகீழானது. தன் காலாட்படைக்குப் பீரங்கி ஏந்திய 123 பாக்ஸர்கள் ஜெர்மனிக்குத் தேவைப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றை ரெட்பேங்கில் கட்டுவது என்று ஒப்பந்தமானது. பாக்ஸர் பிறந்த நாடு, பாதி உலகம் தாண்டிய ஊரிலிருந்து பாக்ஸரை வாங்குகிறது. ஆஸ்திரேலிய அரசு அதைத் தன் மிகப் பெரிய ராணுவ ஏற்றுமதிகளில் ஒன்றாக அறிவித்தது.

*

விலகிப் போனவர்களுக்கு வருவோம். 2018 வசந்தத்தில், பதினைந்து ஆண்டுகள் கழித்து, பாக்ஸர் திட்டத்தில் மீண்டும் சேர்வதாகப் பிரிட்டன் அறிவித்தது. 2019 நவம்பரில் 500-க்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு 230 கோடி பவுண்டு ஒப்பந்தம். 2022-இல் மேலும் நூறு, மொத்தம் 623. டெல்ஃபோர்டிலும் ஸ்டாக்போர்ட்டிலும் கட்டுவதாக ஏற்பாடு.

திரும்பி வந்தவனுக்கு வீட்டில் இடம் இருந்தது, ஆனால் பதினைந்து ஆண்டு போனது போனதுதான். இடைக்காலத்தில் பிரிட்டிஷ் படையின் சங்கிலிப் பட்டை வண்டியான வாரியர் கிழடாகிவிட்டது. அதை மேம்படுத்தும் திட்டத்தை 2021 மார்ச்சில் கைவிட்டார்கள். அதே மாதம் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு, இருபது ஆண்டுகளாகக் கவச வண்டிகள் விஷயத்தில் நடந்த குளறுபடிகளைக் கடுமையாகச் சாடியது. வாரியரில் 30 மி.மீ. பீரங்கி இருந்தது. அந்த இடத்துக்கு வரும் பிரிட்டிஷ் பாக்ஸரின் தலையிலோ உள்ளிருந்து இயக்கும் இயந்திரத் துப்பாக்கிதான். லிதுவேனியனுக்கும் ஆஸ்திரேலியனுக்கும் கிடைத்த பீரங்கி பிரிட்டிஷ் காலாட்படை வீரனுக்கு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கூடு மாற்றும் வண்டி என்பதால் நாளை பீரங்கிக் கூடு வாங்கி வைக்கலாம் என்று அங்கே வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைக்கட்டும். பாக்ஸரின் பிரியும் உடல் பிரிட்டனுக்குத்தான் மிகவும் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

பிரான்ஸ்? 1999-இல் தனிக்குடித்தனம் போன அந்த நாட்டின் ராணுவம் இன்றும் வி.பி.சி.ஐ.யில்தான் போகிறது. ஆனால் வி.பி.சி.ஐ.யைக் கட்டிய நெக்ஸ்டர் நிறுவனமும், பாக்ஸரைக் கட்டும் கிராவ்ஸ்-மஃபெய் நிறுவனமும் 2015 டிசம்பரில் ஒன்றாயின. கே.என்.டி.எஸ். என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் சேராவிட்டாலும் சம்பந்திகள் சேர்ந்துவிட்டார்கள்.

*

இன்னொரு பின்பாதியைச் சொல்லி முடிக்கிறேன். ஆர்.சி.எச். 155 என்று பெயர். பாக்ஸரின் முதுகில் 155 மி.மீ. பெரும்பீரங்கி. கோபுரத்துக்குள் ஆளே கிடையாது; கீழே கவசத்துக்குள் இரண்டே பேர். குண்டு நிரப்புவதும் குறி பார்ப்பதும் இயந்திரம். நின்று சுடுவது மட்டுமல்ல, ஓடிக்கொண்டே சுடவும் முடியும் என்று கட்டியவர்கள் செய்து காட்டினார்கள். எதிரியின் ட்ரோன் மேலே வட்டமிடும்போது சுட்ட இடத்திலேயே இரண்டு நிமிடம் நின்றால் பதில் குண்டு வந்துவிடும் என்பது உக்ரைன் போர் கற்றுக்கொடுத்தது. சக்கரத்தின் வேகம் பிரிஸ்டினாவில் இடம் பிடிக்க உதவியது. இங்கே இடத்தை விட்டு ஓட உதவுகிறது.

பிரிட்டன் தன் பழைய ஏ.எஸ்.90 பீரங்கிகளை உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டு, அவற்றுக்கு மாற்றாக இதைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. உக்ரைனுக்கென்று 18 பீரங்கிகள் செய்ய ஜெர்மனி 2022-இலேயே ஒப்புதல் கொடுத்திருந்தது. பிறகு எண்ணிக்கை கூடியது. முதல் வண்டி 2025 ஜனவரியில் காஸல் நகரத் தொழிற்சாலையில் உக்ரைன் தூதரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் வில்னியஸில் ஜெர்மனியின் 45-ஆம் கவசப் படைப்பிரிவு கொடியேற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி வேறொரு நாட்டில் நிரந்தரமாக ஒரு முழுப் படைப்பிரிவை நிறுத்துவது அதுவே முதல் முறை. அந்த வீரர்கள் சாலையில் எதிர்ப்படும் வில்காஸின் எஞ்சின் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது தங்கள் ஊர்ப் பட்டறையில் பார்த்துப் பழகிய எஞ்சின்.

ஆஸ்திரேலியாவில் பாக்ஸரிடம் தோற்ற பின்லாந்து வண்டியை அப்படியே விட்டுவிட முடியாது. போலந்து வீரர்கள் ரோசோமாக் என்ற பெயரில் அதை ஆப்கானிஸ்தானின் கஸ்னிக்குக் கொண்டு போனார்கள். ஸ்லோவேனியாவில் அதே வண்டியின் பேரில் ஒரு முன்னாள் பிரதமர் சிறைக்குப் போனார்; பிறகு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அடுத்த இதழில் பாட்ரியா.

(தொடரும்)